ரெசின் கிரெனடியருக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து?

கேள்வி இதுதான்: பிளாஸ்டிக் விமான மாடல்கள் செய்து பழகிய கை. முதல் முறையாக ஒரு ரெசின் (கெட்டியாகும் செயற்கைப் பிசின்) உருவம் வாங்கியாயிற்று: நெப்போலியனின் பழைய காவற்படையைச் சேர்ந்த காலாள் கிரெனடியர் (கரடித்தோல் தொப்பி அணிந்த தேர்ந்த படைவீரர்), 1/10 அளவில் மார்பளவுச் சிலை. வீடு சென்னையில். கழுவி ஒட்டுவதில் தொடங்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைப்பது வரை என்னென்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும்?

வண்ணப் புட்டியைத் திறக்கும் முன் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: இந்த ஆள்மேல் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது? விமானத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழாது. இறக்கைக்கு அடியில் நிழல் தானாக விழும். 1/10 அளவில் தலை, தொப்பி நீங்கலாக, இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மூக்குக்கு அடியில் அறை வெளிச்சம் போடும் நிழல் அங்கே இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த நிழலை நாம்தான் தீட்ட வேண்டும். தீட்டிய நிழலும் பிற்பாடு அலமாரி விளக்கு போடும் நிழலும் எதிரெதிர்ப் பக்கம் போனால் முகம் செத்துவிடும். எனவே சிலை எங்கே நிற்கப்போகிறது, விளக்கு எங்கே தொங்கும் என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாக வருவது மேலிருந்து, சற்று முன்னால், ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் ஒளி. இந்தப் பதில் முழுக்க அதையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது முடிவு, ஆள் அணிவகுப்பில் நிற்கிறாரா, போர்க்களத்திலா என்பது. தொப்பியில் சிவப்பு இறகுக்கொண்டையும் வெள்ளைப் பின்னல் கயிறும் வார்த்திருந்தால் அது அணிவகுப்புக் கோலம். நடைப்பயணத்தில் இவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிடுவார்கள். நீண்ட மேலங்கியும் போட்டுக்கொள்வார்கள். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நின்ற காவற்படையை அந்த மேலங்கிக் கோலத்தில்தான் நினைக்க வேண்டும். இறகுக்கொண்டை வைத்த ஆளின் மார்பில் சேற்றைத் தெளிப்பது முதல் தடவை செய்பவர்கள் விரும்பிச் செய்யும் தவறு. கொண்டை இருக்கிறதா, சுத்தமான உடை. இல்லையா, தூசியும் வெளுப்பும் கொஞ்சம் சேர்க்கலாம்.

இனி பெட்டி. முதலில் ரெசின் எந்த வகை என்று பாருங்கள். சிலிகான் அச்சில் வார்த்த பாலியூரித்தேன் என்றால், கனமான ஊற்றுக்கட்டை ஒன்று அடியில் ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் அச்சுக் கோடு ஓடும். அங்கங்கே ஊசிமுனை அளவு காற்றுக் குழிகள் இருக்கும். முப்பரிமாண அச்சு ரெசின் என்றால் தாங்குகால்களை வெட்டிய புள்ளிகளும், சாய்த்துப் பார்த்தால் மெல்லிய படிக்கோடுகளும் தெரியும். இரண்டாவது வகை எளிதில் நொறுங்கும், வெயிலில் மஞ்சளாகும். வேலைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். கத்தியை அழுத்தி வெட்டுவதை மட்டும் அதில் தவிருங்கள், தேய்த்தே எடுங்கள்.

வார்ப்பு ரெசினில் அச்சிலிருந்து கழற்ற உதவும் எண்ணெய்ப் பூச்சு மிச்சமிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு துண்டாகத் தேயுங்கள். கரடித்தோல் தொப்பியின் மயிர்ப்பள்ளங்களில்தான் எண்ணெய் அதிகம் தங்கும். கொதிநீர் வேண்டாம், மெல்லிய துண்டுகள் வளைந்துபோகும். கழுவிய பின் ஒரு நாள் காயட்டும். இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்த்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, முகமெல்லாம் முடிந்த பிறகு, விரல் பட்ட இடத்தில் வண்ணம் தோலாக உரியும்போதுதான் தெரியும்.

ஊற்றுக்கட்டையை மெல்லிய பல் ரம்பத்தால் அறுங்கள். கோட்டின் மேலேயே அறுக்காமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளால் சமன்செய்யுங்கள்: 240, பிறகு 400, கடைசியில் 800. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது கட்டாயம். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்தில் தேய்த்தால் பறக்காது. உலர்வாக அறுக்கும் நேரத்துக்கு என்95 முகமூடி. அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்கலாம். தொப்பியின் மயிர் மேல் கோடு ஓடினால் சுரண்டிய இடம் வழுக்கையாகிவிடும். அங்கே ஊசிமுனையால் மயிர் போகும் திசையில் கீறிச் சரிசெய்யுங்கள். பயனெட்டோ துப்பாக்கிக் குழலோ வளைந்திருந்தால், கையில் தாங்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான நீரில், 60 முதல் 70 டிகிரியில், அரை நிமிடம் பிடித்து, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் முக்குங்கள்.

காற்றுக் குழிகளுக்கு இரண்டு பகுதி எபாக்சி மாவு நல்லது. நம் ஊர் எம்-சீல் குழாய்க்கு ஏற்ற பொருள், மணல் மணலாக இருக்கும்; அடிப்பாகத்தை நிரப்ப உதவும், கன்னத்துக்கு உதவாது. மில்லிபுட்டின் வெள்ளை நிற வகை முகத்துக்கே போடலாம். ஈரத் தூரிகையால் தடவினால் ஓரம் தெரியாமல் இழையும்.

அடுத்து ஒட்டுவது. உங்கள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பசை இங்கே வேலை செய்யாது. அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்கும். பாலியூரித்தேனை அது கரைக்காது. சிறு துண்டுகளுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை, கனமானவற்றுக்கு அரால்டைட் வகை இரண்டு பகுதி எபாக்சி. கைகள், தலை, இறகுக்கொண்டை ஆகியவற்றுக்குள் ஊடே பித்தளைக் கம்பி செருகாமல் பசையை மட்டும் நம்பாதீர்கள். உடனொட்டும் பசை இழுவையைத் தாங்கும், தட்டினால் விட்டுவிடும். 1 மில்லிமீட்டர் கம்பி, இரு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழத் துளை, கையால் சுழற்றும் சின்னத் துளைப்பான். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வர ஒரு சுலப வழி: ஒரு பக்கம் துளையிட்டு, அதன் வாயில் ஈர வண்ணம் ஒரு சொட்டு வைத்து மற்ற துண்டை அழுத்துங்கள், பதிந்த புள்ளிதான் அடுத்த துளை. இறகுக்கொண்டைக்கு 0.5 மில்லிமீட்டர் கம்பியே போதும். சென்னை ஈரக்காற்றில் உடனொட்டும் பசை சீக்கிரம் பிடிக்கும், ஆனால் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை பூக்கும். ஆகவே வண்ணம் முடிந்த துண்டுகளைச் சேர்க்க எபாக்சிதான்.

எல்லாவற்றையும் முதலிலேயே ஒட்டிவிட வேண்டாம். பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, தூரிகை எங்கே நுழையாது என்று கவனியுங்கள். இந்த உருவத்தில் பொதுவாக உடல் ஒன்று, தலை ஒன்று, தொப்பி ஒன்று, கொண்டையும் துப்பாக்கியும் தனித்தனி என்று ஐந்து பகுதிகளாக வைத்துக்கொண்டால் வேலை சுகமாக ஓடும். தோள்குஞ்சங்களை உடலோடு ஒட்டிவிடலாம். ஆனால் தலைக்கும் தொப்பிக்கும் இடையில் இடைவெளி இருந்தால் அதை இப்போதே மாவால் நிரப்புங்கள்: தொப்பியின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, நெற்றியில் மாவு வைத்து அழுத்தி எடுத்தால், கழற்றக்கூடியதாகவே இருக்கும், பொருத்தமும் கச்சிதமாகும். ஒவ்வொரு பகுதியின் அடியிலும் 2 மில்லிமீட்டர் கம்பி ஏற்றி ஒரு தக்கையில் குத்திக்கொள்ளுங்கள். இனிமேல் விரல் உருவத்தைத் தொடக் கூடாது.

பிரைமர் இரண்டு வேலை செய்கிறது. முதல் சுற்று சாம்பல் நிறம், குறை தேட மட்டும். விட்டுப்போன குழியும் கோடும் அப்போதுதான் கண்ணில் படும். சரிசெய்த பின் இரண்டாம் சுற்று: முழுக்கக் கறுப்பு, அது காய்ந்த பிறகு விளக்கு இருக்கப்போகும் அதே திசையிலிருந்து மட்டும் வெள்ளை. தலைக்கு மேல் 45 டிகிரி சாய்வில், மெல்லத் தூவினாற்போல். தெளிப்பு டப்பா என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். முடிந்ததும் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீசைக்கு அடியில் எவ்வளவு இருட்டு, எந்த மடிப்பு வெளிச்சத்தில் என்று குழம்பும்போது அந்தப் படம்தான் வழிகாட்டி. கேமராவை விட நினைவு அதிகம் பொய் சொல்லும்.

மழை நாளில் தெளிக்காதீர்கள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் லாக்கர் பிரைமர் வெளுத்துச் சொரசொரக்கும். சென்னையில் மழையில்லாத நாளின் நடுப்பகல், ஏசி ஓடிய அறையிலிருந்து பகுதிகளை எடுத்து ஜன்னலோரம் வேலை, உடனே உள்ளே. மிஸ்டர் சர்ஃபேசர் போன்ற லாக்கர் வகைக்கு ஆவி வடிகட்டும் முகமூடி வேண்டும். சாதாரணத் தூசி முகமூடி ஆவியை நிறுத்தாது. வயேஹோ (Vallejo) நிறுவனத்தின் நீர்வகைப் பிரைமர் வாடை இல்லாதது. ஆனால் காய்ந்த பின் தேய்த்தால் ரப்பராக உருண்டு வரும். அதைத் தேய்க்கத் தேவையில்லாத இரண்டாம் சுற்றுக்கு மட்டும் வையுங்கள்.

வண்ணம் பத்துப் புட்டி போதும். வயேஹோ மாடல் கலர் என்னும் அக்ரிலிக் வண்ணத்தின் எண்களில் சொன்னால்: தோலுக்கு 955 (தோல்நிறம்), 804 (சிவந்த வெளிர்ப்பழுப்பு), 941 (அடர்பழுப்பு), சிவப்புக்கு 814 (கருஞ்சிவப்பு), 957 (சிவப்பு), நீலத்துக்கு 899 (அடர்நீலம்), வெளிர் நிறங்களுக்கு 986 (சாம்பல்பழுப்பு), 918 (தந்த வெள்ளை), கறுப்பு 950, வெள்ளை 951. கூடவே பித்தளை, எஃகு உலோக வண்ணம். ஒரே புட்டிகள் முகத்திலும் துணியிலும் திரும்பத் திரும்பக் கலக்கும்போது உருவம் ஒரே காற்றில் நிற்பதுபோல் தெரியும். நாற்பது புட்டி வாங்கினால் அது வராது. தூரிகை, நல்ல கொலின்ஸ்கி சேபிள் மயிர் வகையில் 2, 1, 0 மூன்று. கண்ணுக்கு 000 வேண்டும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தப் பொடி முனையில் வண்ணம் கண்ணுக்குப் போகும் வழியிலேயே காய்ந்துவிடும். முனை கூர்மையாக நிற்கும் 1 ஆம் எண்ணே கண்ணையும் தீட்டும். மின்விசிறியின் நேர்க்கீழே உட்காராதீர்கள். ஈரப் பேலட் அவசியம்: மூடியுள்ள தட்டையான டப்பா, ஈரமான டிஷ்யூ தாள், அதன்மேல் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் தாள் (baking paper).

முகத்தில் தொடங்குங்கள். முகம் தோற்றால் உடையை எவ்வளவு நன்றாகச் செய்தும் பயனில்லை. முகம் வந்துவிட்டால் மற்றதைப் பொறுமையாகச் செய்ய மனம் வரும். அடிநிறம்: 955 மூன்று பங்கு, 804 இரண்டு பங்கு, 941 ஒரு பங்கு. பல ஆண்டு சேவையும் போர்க்கள அனுபவமும் பார்த்தே இந்தப் படைக்கு ஆள் எடுத்தார்கள். வெயிலும் காற்றும் அடித்த முகம், இளைஞனின் ரோஜாக் கன்னம் இல்லை. நீரை ஒன்றுக்கு ஒன்று சேர்த்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. பிரைமரின் இருளும் ஒளியும் லேசாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது கண். கண்ணை முதலிலேயே முடித்தால் வழிந்ததை இமையின் தோல்நிறத்தால் வெட்டிச் சரிசெய்யலாம். கண்குழி முழுவதும் 941-ஓடு கொஞ்சம் 814 கலந்த இருள். அதன்மேல் விழிவெண்மை, ஆனால் வெள்ளை அல்ல: 986-இல் ஒரு துளி தோல்நிறம். மேலிமைக்குக் கீழே நிழல் விழுவதால் வெண்மையின் மேல் விளிம்பு இன்னும் இருட்டு. கருவிழியின் மேல் ஓரம் மேலிமையில் மறைந்திருக்க வேண்டும். கருவிழிக்கு மேலும் வெண்மை தெரிந்தால் ஆள் பேயைக் கண்டவன்போல் இருப்பான். வெளியே தெரியும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். நேராகப் பார்க்கும் கண்களைவிட ஒரு பக்கம் சற்றே திரும்பிய கண்களைத் தீட்டுவது எளிது, மாறுகண் ஆகாது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்காமல் ஒரே கட்டத்தில் கொண்டுபோங்கள். நடுவில் உருவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் கோணல் உடனே தெரியும். மேலிமை ஓரக்கோடு அடர்பழுப்பு. கறுப்பு வேண்டாம், மை தீட்டியதுபோல் ஆகிவிடும்.

நிழலுக்கு அடிநிறத்தோடு 941, சிறிது 814. மிக ஆழமான இடத்துக்கு அதில் 899 நீலம் ஒரு துளி. கறுப்பைக் கலந்தால் தோல் அழுக்காகும். தொப்பி விளிம்புக்குக் கீழே நெற்றி, கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், மீசைக்கு அடி, கீழுதட்டுக்கு அடி, தாடைக்குக் கீழே கழுத்து. வெளிச்சத்துக்கு 955 சேர்த்துக்கொண்டே போய், கடைசி இரண்டு படிக்கு 918: மூக்குத்தண்டின் முனை, கன்ன எலும்பின் மேல், கீழுதட்டின் நடு, மேலிமை. ஒவ்வொரு படியிலும் பரப்பு சுருங்க வேண்டும். குறைந்தது ஐந்து படி. பழக்கமில்லாதவர்கள் இரண்டு படியோடு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கையில் வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கும், ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் மொழுமொழுவென்று பொம்மையாகத் தெரியும். கை நீட்டும் தூரத்தில் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றுவதே அலமாரியில் சரியாக இருக்கும்.

முகத்தை உயிர்ப்பிப்பது இதற்கு மேல் போடும், அடிநிறம் ஊடே தெரியும் கண்ணாடிப் பூச்சுகள் (glaze). நீர் எட்டுப் பங்கு, வண்ணம் ஒரு பங்கு; தூரிகையைத் தாளில் ஒற்றி எடுத்தபின்தான் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வளையக் கறை விழும். மனித முகத்தில் நெற்றி சற்று மஞ்சள், கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் சிவப்பு, தாடைப்பகுதி சாம்பல்நீலம். மூக்கு நுனிக்கும் கன்னத்துக்கும் காதுக்கும் 814; மழித்த தாடைக்கு 899-ஓடு தோல்நிறமும் 986-உம் கலந்த நீலச்சாம்பல், மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகு. இரண்டாம் முறையில் ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றும். நான்காவதில் திடீரென்று மழித்த தாடி வந்துவிடும், அங்கே நிறுத்துங்கள். சுருக்கங்களில் கழுவல் (மிகவும் நீர்த்த வண்ணம்) விட்டு ஓட்டுவது முகத்தில் வேண்டாம். பள்ளத்தில் மட்டுமல்ல, மேட்டிலும் கறை தங்கும்.

எண்ணெய் வண்ணம் வசதி என்பவர்கள் இந்த அக்ரிலிக் அடிநிறத்தின் மேல் எண்ணெயில் கலக்கலாம், விளிம்புகள் வெண்ணெயாக இழையும். அட்டையில் ஒரு மணி நேரம் பிதுக்கி வைத்து மிகை எண்ணெயை உறிஞ்சவிடுங்கள், இல்லாவிட்டால் பளபளக்கும். அம்பர் பழுப்புகள் சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை தாமதிக்கும். முகத்தின் வெளிச்சப் புள்ளிகள் பல நாள் ஈரமாகவே இருக்கும் என்று பொருள். எண்ணெயின் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது.

தலைமுடி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் படையின் காலாள் கிரெனடியர்கள் பவுடர் பூசிய முடியையும் பின்னந்தலைச் சடையையும் விடாமல் வைத்திருந்தவர்கள். ஆகவே காதோர முடி பழுப்பு இல்லை, சாம்பல்வெள்ளை. 986-இல் துளிக் கறுப்பு, மேலே 918. மீசை மட்டும் இயல்பான நிறம். காலர் பின்புறத்தில் பவுடர் உதிர்ந்த லேசான வெளுப்பு அழகாக இருக்கும். காதில் வளையம் வார்த்திருந்தால் அது தங்கம்.

இனி உடை. நீலக் கோட்டு, சதுரமாக வெட்டிய வெள்ளை மார்பு மடிப்பு, சிவப்புத் தோள்குஞ்சம். காலரில் கவனம்: காவற்படைக் கிரெனடியருக்கு அது நீலம்தான், கோட்டின் நிறமே. சாதாரணப் படைப்பிரிவின் கிரெனடியருக்கு உரிய சிவப்புக் காலரை இவருக்குப் போடுவது அடிக்கடி காணும் பிழை. கைமடிப்பு தெரிந்தால் சிவப்பு, அதன்மேல் மூன்று முனை வெள்ளைப் பட்டை. தோள்குஞ்சம் பச்சையாகவும், மார்பு மடிப்பு முனை கூர்ந்தும், தொப்பியில் முன்தகடு இல்லாமலும் இருந்தால் அது கிரெனடியர் அல்ல, காவற்படையின் இன்னொரு காலாள் பிரிவான ஷாஸர். பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் சிற்பத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த நீலத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அவுரிச் சாயம் கடல் கடந்து வந்த சரக்கு. பிரிட்டனின் கப்பல்கள் கடலை அடைத்தபோது பிரான்ஸில் தட்டுப்பாடு. 1806-இல் காலாட்படையையே வெள்ளைக் கோட்டுக்கு மாற்றிப் பார்க்கிற அளவுக்குப் போயிற்று, பிறகு கைவிட்டார்கள். காவற்படைக்குக் கிடைத்தது நல்ல துணி. எனவே அணிவகுப்புக் கோலத்துக்கு அடர்ந்த நீலம், கறுப்பைத் தொடும் அளவுக்கு: 899 இரண்டு பங்கு, கறுப்பு ஒரு பங்கு. வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு நீலமாகிப் பள்ளிக்கூடச் சீருடையாகிவிடும். முதலில் 899 மட்டும், பிறகு 899-ஓடு 986, கடைசி மெல்லிய கோடுகளுக்கு அதில் 955 ஒரு துளி. கம்பளித் துணிக்கு ஒளி பரவி விழும். பட்டுக்குப் போடுவதுபோல் கூரிய வெள்ளைக் கோடு போடாதீர்கள். தூரிகை முனையால் சிறு புள்ளிகளாகக் குத்தி ஒளியை ஏற்றினால் கம்பளியின் சொரசொரப்பும் சேர்ந்தே வரும். 1/10-இல் இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

வெள்ளையில் இரண்டு வெள்ளை இருக்கிறது. மார்பு மடிப்பு கம்பளி. குறுக்கு வார்கள் தோல், களிமண் வெள்ளை பூசியவை. இரண்டையும் ஒரே வெள்ளையாகத் தீட்டினால் மார்பு ஒரே பாலாகக் கொட்டிக் கிடக்கும். மடிப்புக்குச் சூடான வெள்ளை: அடி 986, மேலே 918, உச்சத்தில் மட்டும் 951. வாருக்குக் குளிர்ந்த வெள்ளை: 986-இல் ஊசிமுனை அளவு 899, மேலே 951, ஓரங்களில் கூரிய கோடு. எதற்கும் தூய வெள்ளையில் தொடங்கக் கூடாது. அதன் பிறகு ஏற ஒரு படி இருக்காது. வார் வளையும் இடத்தில் பூச்சு வெடித்த மெல்லிய கோடுகள் இரண்டு மூன்று போடலாம், அதற்குமேல் வேண்டாம். வாருக்கும் கோட்டுக்கும் நடுவில் அடர்பழுப்புக் கோடு கட்டாயம்; அந்தக் கோடு இல்லாவிட்டால் எவ்வளவு ஒளி தீட்டியும் வார் துணியோடு ஒட்டிப்போகும்.

சிவப்புக்கு அடி 814, நடு 957, உச்சம் 957-ஓடு 955. வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்பு. இறகுக்கொண்டைக்கும் இதுவே, கீழ்ப்பகுதி இருட்டு, ஒளி விழும் பக்கம் வெளிச்சம்.

கரடித்தோல் தொப்பி மார்பளவுச் சிலையில் பெரிய கறுப்புக் கட்டி. அதை உலர்தூரிகையால் சாம்பல் நிறம் தேய்த்து முடிக்கும் ஆசை வரும். தேய்த்தால் தூசி படிந்த துடைப்பம்தான் கிடைக்கும். 950-ஓடு 941 கலந்த கறும்பழுப்பு அடி. மயிர்த்திசையில் தனித்தனிக் கீற்றாக, 986 சிறிது கலந்த வெளிர்ப்பழுப்பு, ஒளிப்பக்கத்தில் மட்டும். பிறகு நீர்த்த கறுப்பால் முழுவதையும் ஒரு தடவை அடக்குங்கள். நிழல் பக்கம் கறுப்பாகவே கிடக்கட்டும். முகத்துக்கு அருகில் இருட்டு இருந்தால்தான் முகம் முன்னே வரும்.

உலோகம் எல்லாம் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷுக்குப் பிறகு. முன்பே தீட்டினால் வார்னிஷ் மினுக்கத்தைக் கொன்றுவிடும். தொப்பியின் கழுகுத் தகடும் பொத்தான்களும் பித்தளை. அடியில் அடர்பழுப்பு வைத்து அதன்மேல் உலோகம், ஓரத்தில் பழுப்புக் கழுவல். துப்பாக்கி இருந்தால் காவற்படை வகைக்குப் பூண்கள் பித்தளை, குழல் பளிச்சென்ற எஃகு. மார்பில் ஐந்து முனை நட்சத்திரம் வார்த்திருந்தால் அது 1802-இல் தொடங்கிய லெஜியோன் தொனேர் விருது: சிவப்பு நாடா, வெள்ளை எனாமல். மேலே கிரீடம் இருந்தால் உருவத்தின் காலம் 1806-க்கு முன்னால் போகாது; பெயர்த்தகடு எழுதும்போது இது நினைவிருக்கட்டும்.

வார்னிஷ் துணிக்கும் முகத்துக்கும் மேட், வார்களுக்கு சாட்டின் (அரைப் பளபளப்பு), விழிகளுக்கும் எனாமலுக்கும் மட்டும் பளபளப்பு ஒரு சொட்டு. மேட் வார்னிஷ் புட்டியை இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும். மேட் பொடி அடியில் தங்கியிருந்தால் முதல் பாதி மினுங்கும், இரண்டாம் பாதி வெள்ளைப் படலம் விடும். தெளிப்பு டப்பாவை மழைக்காலத்தில் பயன்படுத்தினால் அடர்நீலம் பனி படிந்ததுபோல் வெளுக்கும். அப்படி நடந்துவிட்டால் பதறித் துடைக்காதீர்கள். வறண்ட நாளில் பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளியும். அதன்மேல் தூரிகையால் மேட்.

அடிக்கட்டை உருவத்தைத் தொடும் முன்பே முழுமையாக மெருகேறியிருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் சதுரம், 6 சென்டிமீட்டர் உயரம் இந்த அளவுக்குப் பொருந்தும். அடர்நிற மரம், தேக்கோ ஈட்டியோ. செதுக்கு வேலை உள்ள கட்டை வேண்டாம், கண் அங்கே போய்விடும். நடுவில் 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, சிலையின் அடியில் குறைந்தது 15 மில்லிமீட்டர் ஏற வேண்டும். கட்டைக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் பித்தளைக் குழாய் தெரிந்தால் உருவம் மிதந்து நிற்கும், அழகு. எபாக்சி வைத்தபின் கண்கள் பார்க்கும் திசை கட்டையின் முன்முகத்தோடு பொருந்துமாறு பத்துப் பதினைந்து டிகிரி திருப்பி, இறுகும்வரை பிடித்திருங்கள். பெயர்த்தகடு சிறிதாக, இரண்டு வரி: படையும் ஆண்டும்.

இனி அந்த விளக்கு. பெட்டியின் கூரையில், முன்விளிம்பை ஒட்டி, நீங்கள் வெள்ளைப் பிரைமர் தூவிய அதே பக்கம். நிறவெப்பநிலை 4000 கெல்வின், நிறம் காட்டும் குறியீடு (CRI) 90-க்கு மேல் உள்ள எல்இடி. மலிவான பட்டைவிளக்கில் தோல் பச்சையடிக்கும், நீலம் கறுப்பாகும். கண்ணாடி அலமாரிகளோடு கொடுக்கும் அடித்தள விளக்கை எரியவிட்டால் தாடையும் மூக்குத்துளையும் ஒளிர்ந்து, நீங்கள் இருட்டாகத் தீட்டிய இடமெல்லாம் பழுப்புக் கறையாகத் தெரியும். அந்த விளக்கின் மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். பின்சுவர் நடுத்தரச் சாம்பல். வெள்ளைப் பின்னணியில் முகம் இருளும், கறுப்பில் தொப்பி காணாமல் போகும்.

நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம்: சிவப்பு மங்கும், அச்சு ரெசின் மஞ்சளாகும். மூடிய காரில் விட்டுச் சென்றால் பயனெட் தொங்கிவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, நிறம் மாறினால் மாற்றுங்கள். ஈரப்பதம் அதிகமுள்ள வீட்டில் முதலில் பூஞ்சை பிடிப்பது மரக்கட்டையின் அடிப்பாகம், ஆகவே அதற்கும் மறக்காமல் வார்னிஷ் பூசுங்கள். அக்ரிலிக் பெட்டி தூசியை இழுக்கும், கண்ணாடி அவ்வளவு இழுக்காது. தூசி தட்ட மேக்கப் போடும் மென்மையான பெரிய தூரிகை, மேலிருந்து கீழாக. ஈரத்துணி கூடவே கூடாது. எடுத்து வைக்கும்போது கட்டையைப் பிடியுங்கள். அந்தத் தொப்பி பிடிக்க வாகாகத்தான் இருக்கும், ஆனால் கொண்டையைத் தாங்குவது உள்ளே இருக்கும் அரை மில்லிமீட்டர் கம்பி.